பத்து முறை தப்பாகப் போட்டால்

என் மனைவி இறந்த பதினோராவது நாள் அவள் குரல் எனக்கு மறந்துபோனது. முகம் மறக்கவில்லை, கை மறக்கவில்லை, செருப்பை அவிழ்த்துவிடும் சத்தம்கூட மறக்கவில்லை. குரல் மட்டும் போய்விட்டது. வேலை முடிந்து வந்ததும் வாசலிலிருந்தே "இன்னாய்யா" என்று கூப்பிடுவாள். அதை மனசுக்குள் கேட்டுப் பார்த்தேன். என் குரலில்தான் கேட்டது. மறுபடி முயன்றேன், மறுபடியும் நான்தான்.

அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டுப் பார்த்தால் யாரோ ஒருவர் கன்னம் மாதிரி இருக்குமே, அப்படி மொத்த உடம்பும் இருந்தது. காலையில் காபி போட்டேன், குடித்தேன். அது சூடாக இருந்ததா என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் இரண்டு அறை வாடகை வீடு. பிள்ளைகள் கிடையாது. ஆகவே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரப் பத்திரிகையில் செல்போன், இணையம் பற்றிப் பத்தி எழுதுகிறவன். அதற்கு முன்னால் ஒரு அச்சகத்தில் முப்பது வருடம் புரூஃப் பார்த்தேன். அச்சாகப் போகிற பக்கத்தில் எழுத்துப் பிழை கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்ணில் ஒரு பிழை பட்டால் பிறகு வேறு எதுவும் படாது, அது வியாதி. அச்சகம் மூடியதும், போன் பற்றி நாலு விஷயம் தெரியும் என்பதால் இந்தப் பத்தியைக் கொடுத்தார்கள். புதிதாக என்ன வசதி வந்திருக்கிறது, எந்த லிங்க்கைத் தொடக்கூடாது, ஓடிபியை யாரிடமும் ஏன் சொல்லக்கூடாது, 'உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது' என்று போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து மிரட்டுகிறவனை எப்படிக் கட் செய்வது. வாசகர்கள் கேள்வி அனுப்புவார்கள். நான் நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொல்வேன்.

அவள் அதே அச்சகத்தில் பைண்டிங்கில் தாள் மடித்தவள். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தமிழாசிரியராக இருந்த வீட்டிலிருந்து வந்த நான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டபோது இரண்டு பக்கமும் ஒரு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான், நிம்மதியாக இருந்தோம். அச்சகத்துக்குப் பிறகு தி.நகரில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தாள். நாள் முழுக்க நின்றபடி புடவையை விரிப்பதும் மடிப்பதும். "தாளு மடிச்ச கையி, பொடவ மடிக்காதா?" என்பாள்.

அந்தக் கடையில்தான் ஒரு நாள் மத்தியானம் உட்காரணும் போலிருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறாள். கூட வேலை செய்தவர்கள் தண்ணீர் கொண்டு வருவதற்குள் சாய்ந்துவிட்டாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய பையையும் போனையும் என் கையில் கொடுத்தார்கள். போனில் எழுபது சதவீதம் சார்ஜ் இருந்தது. நான் முதலில் அதைத்தான் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

குரல் மறந்த அன்று என் போனை எடுத்துத் தேடினேன். ஒன்றும் இல்லை. அவள் எனக்குத் தினமும் நாலைந்து குரல் செய்தி அனுப்புவாள், 'கீர வாங்கவா', 'பஸ்ஸே வரல', 'மழ வந்துகினு கீது, துணிய எட்த்து உள்ள போடு' என்று. ஒன்றுகூட இல்லை. ஏனென்றால் ஏழு நாளில் செய்திகள் தாமே அழிந்துபோகும் வசதி வந்தவுடன் அதை முதலில் பாராட்டி எழுதியவன் நான். எழுதிய அன்றே எங்கள் இருவர் உரையாடலுக்கு அதைப் போட்டும் வைத்தேன். "போவட்டும்யா, நான் பேசுனது இன்னா கல்வெட்டா?" என்று அவளும் சிரித்தாள். ஏழு நாள் முடிந்து, மேலும் நாலு நாளும் ஆகியிருந்தது.

அவள் ஏன் எழுதாமல் பேசியே அனுப்பினாள் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் எழுதத்தான் செய்தாள், நம்மில் பாதிப்பேர் எழுதுவது போல ஆங்கில எழுத்தில் தமிழ். ஒரு நாள் 'வாயப்பூ வாங்கினு வரவா' என்று அனுப்பினாள். அந்த ழகரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒய் போட்டிருந்தாள். நான் வேண்டும், வேண்டாம் என்று பதில் போட்டிருக்கலாம். போடவில்லை. 'ழ என்றால் இஸட், எச். ஒய் அல்ல' என்று போட்டேன். அன்று வாழைப்பூவும் வரவில்லை. மறுநாளிலிருந்து எழுத்தும் வரவில்லை, குரல்தான்.

அந்த ழ எங்களுக்குள் பழைய கதை. கல்யாணமான புதிதில் வாழைப்பழம் என்று அவளைத் தினமும் பத்து தடவை சொல்லச் சொல்லுவேன். நாக்கை மேலே மடி, இன்னும் மேலே. அவள் நாக்கை மடித்து, கண்ணை உருட்டி, கடைசியில் "வாயப்பயம்!" என்று கத்திவிட்டுச் சமையலறைக்குள் ஓடுவாள். எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். கோபத்தைத்தான் காட்டுவேன். அதுதான் என் புத்தி.

ஆக, குரல் என்று ஒன்று மிச்சம் இருந்தால் அது அவள் போனில்தான் இருக்க வேண்டும். கடையில் சாப்பாட்டு நேரத்தில் அவள் போனில் ஏதோ பதிவு செய்துகொண்டிருப்பாள் என்று கூட வேலை செய்த ஒரு பெண் சாவு வீட்டில் சொன்னாள். பாட்டு ஏதாவது பாடியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் போனுக்குப் பூட்டு இருந்தது. பூட்டை வைக்கச் சொன்னது யார்? சாட்சாத் இந்தப் பத்தி எழுத்தாளர்.

அந்த போன் வாங்கிய அன்று நடந்தது இது. அதற்கு முன் புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு போட்டுத் திறப்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன்கூடக் கற்றுக்கொள்ளலாம், அவ்வளவு எளிது. அதெல்லாம் கூடாது, ஒரு வார்த்தை வை என்றேன். "இன்னா வார்த்த?" என்றாள். எனக்குச் சொல்லாதே என்றேன். "புருசங்கிட்ட கூடவா?" பாஸ்வேர்டு என்றால் பாஸ்வேர்டு, புருஷனாவது பெண்டாட்டியாவது, அந்த வாரம்தான் அப்படி எழுதியிருந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள். முதுகு குலுங்கியது, சிரிக்கிறாள். "நீ எப்பப் பாத்தாலும் திருத்துவியே, அந்த வார்த்ததான்" என்றாள். குறிப்பும் கொடுக்கக்கூடாது என்று அதற்கும் திட்டினேன். பிறகு போனை வாங்கி இன்னொன்றும் செய்தேன்: பத்து முறை தப்பான வார்த்தை போட்டால் உள்ளே இருப்பதையெல்லாம் போன் தானே அழித்துவிடும் என்ற அமைப்பை இயக்கி வைத்தேன். இணையத்தில் பிரதி எடுத்து வைக்கும் வசதியை அணைத்தேன். திருடன் கையில் கிடைத்தால் என்ன ஆவது?

பாண்டி பஜார் பக்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் கொண்டுபோனேன். என் பத்தியைப் படிக்கிறவர், மரியாதையாக ஸ்டூல் போட்டார். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தார்.

"தொறக்கணும்னா அழிக்கணும் சார். அழிக்காம தொறக்குறது நம்மளால ஆவாது. அவ்ளோ ஸ்ட்ராங்கா செட் பண்ணிக்கீறாங்க. யார் சார் பண்ணது?"

நான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "சூப்பரா பண்ணிக்கீறீங்க" என்றார். மெய்யாகவே பாராட்டினார், பாவம்.

வார்த்தை எனக்குத் தெரியும், அதுதான் என் தைரியம். வாழைப்பழம். அதைத்தான் எப்போதும் திருத்துவேன். ஆங்கில எழுத்தில் எப்படி எழுதியிருப்பாள் என்பதுதான் கேள்வி. முதலில் ஒழுங்காக, இரண்டு ஏ, இஸட், எச் என்று போட்டேன். தப்பு என்றது. ஒரு ஏ மட்டும் போட்டேன். தப்பு. இரண்டு பி. தப்பு. முதல் ழவுக்கு இஸட் எச் போட்டு இரண்டாவதை மறந்திருப்பாளோ என்று அங்கே எல் போட்டேன். தப்பு. ஐந்து முறைக்குப் பிறகு போன் என்னைக் காக்க வைக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு அரை மணி. நான் எதிரே உட்கார்ந்து காத்திருந்தேன். காத்திருப்பதும் ஒரு வேலைதானே, எனக்கு அப்போது வேறு வேலை இல்லை. பத்தி மட்டும் வாரம் தவறாமல் எழுதினேன். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள், எப்படி எழுதுகிறீர்கள் என்று. ஓடிபி பற்றி எழுத மனசு எதற்கு?

இப்படி ஒன்றரை மாதத்தில் ஒன்பது முறை ஆனது. ஒன்பதாவதுக்குப் பிறகு போனை அலமாரியில் அவள் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். மூன்று வாரம் தொடவில்லை. சார்ஜ் மட்டும் ஏற்றுவேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலையில், ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது பளிச்சென்று பட்டது. முதல் எழுத்து பெரிய எழுத்து! பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்தாவது இருக்க வேண்டும் என்று நான் வருடக்கணக்காக எழுதிவருகிறேன். என் பேச்சைக் கேட்கிறவள். முதல் எழுத்தைப் பெரிதாக்கி, மிச்சத்தை நான் சொல்லிக்கொடுத்தபடி சுத்தமாக எழுதியிருப்பாள். எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. முகத்தில் பாதி சோப்புடன் வந்து அப்படியே போட்டேன்.

திரை கறுத்தது. பிறகு வெளுத்தது. பிறகு ஐந்தாறு மொழிகளில் 'வணக்கம்' சொல்லி, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. தமிழிலும் கேட்டது. பிழையில்லாமல் கேட்டது.

போனை மேஜையில் வைத்துவிட்டுப் போய் மீதி ஷேவை முடித்தேன். பிறகு இட்லி சாப்பிட்டேன். நாலு.

அடுத்த வாரம் அவள் போய் மூன்று மாதம் ஆனது. அவளுடைய தங்கை வந்தாள். ஆற்றங்கரையில் வீடுகளை எடுத்தபோது அவர்கள் குடும்பத்தை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள்; இரண்டு பஸ் மாறி வர வேண்டும். அங்கே நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். என் மனைவி மட்டும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவாள். எனக்கும் மச்சினிக்கும் பேச்சு என்று பெரிதாகக் கிடையாது. வா, போ, சாப்பிட்டியா, அவ்வளவுதான்.

வந்தவள் அக்கா படத்துக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்துப் படத்தின் முன் வைத்தாள்.

"வாயப்பயம் வாங்கியாந்தேன் மாமா, அக்காக்கு."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒய். இஸட் எச் அல்ல, எல் அல்ல. நீ எப்போதும் திருத்துகிற வார்த்தை என்றுதானே சொன்னாள்? திருத்திய பிறகு வருகிற வார்த்தை என்று எப்போது சொன்னாள்? பத்து தடவையும் நான் திருத்தித் திருத்தியே போட்டிருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் பேசுகிற மாதிரி போட எனக்குத் தோன்றவில்லை.

"இன்னா மாமா, மயக்கமா வருதா?" தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குரல் மறந்தது, பூட்டு, பத்து முறை, அழிந்தது. அவ்வளவு நீளமாக நான் அவளிடம் பேசியதே இல்லை. அவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐய, அக்கா பாஸ்வேர்டா? அது எங்க பிளாக்குக்கே தெரியுமே மாமா! என்னாண்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாது?"

ஏன் கேட்கவில்லை? கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அந்தக் குடியிருப்பில் எனக்கு வேண்டியது என்ன இருக்கப்போகிறது என்று இருந்துவிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அவள் தன் போனை எடுத்து ஒரு குரூப்பைத் திறந்தாள். பிளாக் பெண்கள் எல்லோரும் இருக்கும் குரூப். "அக்கா வாராவாரம் அனுப்பும் மாமா. உன் புக்கு வர்ற அன்னிக்கு, கடையில சாப்ட்டுட்டு மாடிப்படியில குந்திக்கினு, நீ எழுதுனத்த எங்களுக்குப் புரியறா மாரி சொல்லி அனுப்பும். நாங்க அத்த பக்கத்து பிளாக்குக்கு அனுப்புவோம். அவங்க அவங்க சொந்தக்காரங்களுக்கு. உன்னால எங்காளுங்க எவ்ளோ பேரு ஏமாறாம தப்பிச்சாங்க தெரியுமா?"

எனக்கு வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. பத்திரிகை வந்ததும் அவள் என்னிடம் சந்தேகம் கேட்பாள். ஓடிபின்னா இன்னா, லிங்க்குன்னா இன்னா, அவனுக்கு நம்ம நம்பர் எப்டித் தெரியும். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பாள். "இவ்வளவு தெளிவா எழுதியிருக்கேன், இதுகூடப் புரியலையா?" என்று எரிந்து விழுவேன். அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. மற்றவர்களுக்காகக் கேட்டிருக்கிறாள்.

மச்சினி விரலால் மேலே தள்ளிக்கொண்டே போய் ஒன்றைத் தொட்டாள்.

"இன்னாம்மா, அல்லாரும் துன்னுட்டீங்களா?" என்றது குரல்.

அவள்தான். கொஞ்சம் கரகரப்பு, மூச்சு வாங்கல், படிக்கட்டில் எதிரொலி. எப்படி மறந்தேன் இதை? "பில்லு கட்டல, இன்னிக்கி கரண்ட் கட் ஆவும்னு மெசேஜ் வருதாம். வந்தா இன்னா? நம்ம பிளாக்குல கரண்டு தானாத்தான் கட் ஆவுது, அதுக்கு மெசேஜ் வேற வேணுமா? அதுல கீற நம்பருக்குப் போன் போட்டுத் தொலையாதீங்க." இதே விஷயத்தை நான் அறுநூறு சொல்லில் எழுதியிருந்தேன்.

மரத்துப்போன கன்னத்துக்கு உணர்ச்சி திரும்பும்போது முதலில் ஒரு குத்தல் வரும். அப்படி நெஞ்சில் வந்தது. வலித்தது. இன்னொன்று போடு என்றேன். போட்டாள். இன்னொன்று. பார்சல் மிரட்டலுக்கு ஒன்று, போலி வேலைக்கு ஒன்று. "எனக்கு அனுப்பு" என்றேன். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அனுப்பினாள். என் போனில் வந்து விழுந்தன, ஒவ்வொன்றின் தலையிலும் 'பல முறை அனுப்பப்பட்டது' என்ற அடையாளத்துடன். அந்த அடையாளம் இருந்தால் திறக்காமலே அழித்துவிடுங்கள் என்று வாசகர்களுக்குச் சொல்லிவந்தவன் நான். புதிதாகத் தொடங்கும் எல்லா உரையாடலுக்கும் ஏழு நாள் கெடு வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவசர அவசரமாக அதை அணைத்தேன். இரண்டு தடவை தப்பாகத் தொட்டேன். பிறகு வந்தவற்றையெல்லாம் இன்னொரு முறை அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

"பாஸ்வேர்டு கத இது மாமா. எங்க பிளாக்குல பாதிப் பேரு இத்தக் கேட்டுத்தான் அதே வார்த்தயவே வெச்சிக்கினாங்க" என்று கடைசியாக ஒன்றை அனுப்பினாள். குடியிருப்பில் பாதிப்பேருக்கு ஒரே பாஸ்வேர்டு! வேறு நாளாக இருந்தால் எனக்கு ரத்தம் கொதித்திருக்கும். போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"பாஸ்வேர்டு வெக்க சொல்லோ, பொறந்த தேதி, புள்ள பேரு, அதெல்லாம் வெக்காதீங்கம்மா. நீ எப்டிப் பேசுறியோ, எழுத்துக்கு எழுத்து அப்டியே வை. எங்கூட்டுக்காரருக்கு ழ வரலன்னா சோறு எறங்காது. நான் இன்னா வெச்சிக்கீறேன் தெரியுமா? வாயப்பயம்! படிச்சவன் எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது." சிரிப்பு. படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது. மூன்று மாதமாக வராதது சத்தத்துடன் வந்தது. "அழு மாமா, அழு" என்று மச்சினி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பதிவு இன்னும் முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சரி, டைம் ஆச்சு, நான் வெக்கிறேன். எங்கூட்டுக்காரராண்ட மட்டும் சொல்லிடாதீங்க."